திண்டிவனத்தில் திரும்பும் சாலை, விழுப்புரத்தில் திரும்பும் ரயில்

சென்னையும் புதுச்சேரியும் ஒரே கடற்கரையில் இருக்கும் நகரங்கள். இரண்டுக்கும் கிழக்கே வங்கக் கடல். வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டால் நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே சுமார் 135 கிலோமீட்டர். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு என்று கணக்கிட்டால் இன்னும் குறைவு, ஏறக்குறைய 120. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் 150 கிலோமீட்டர். திண்டிவனம் வழியாகப் போனால் 165 வரை வரும். ரயிலில் போனால் கிட்டத்தட்ட 200. ஊர்கள் அதே ஊர்கள்தான். போகும் வழியைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது.

இந்த வித்தியாசத்துக்குள் ஒரு நிலமும் அதன் வரலாறும் இருக்கின்றன. திண்டிவனமும் விழுப்புரமும் அந்த நிலத்தின் இரண்டு முக்கிய ஊர்கள். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் கடந்துவிடும் ஊர்கள். இரண்டு கடற்கரை நகரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஆகாயத்திலிருந்து அளப்பதைவிட இந்த இரண்டு ஊர்களில் இறங்கி நின்று அளப்பதுதான் சரி என்பது என் எண்ணம். அப்படி அளந்து பார்த்த பயணம் இது.

முதலில் விமானக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானம் மேலே ஏறி நிலைகொண்ட பின் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 120 கிலோமீட்டருக்கு அந்த வேகத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எந்த விமானமும் கிளம்பியவுடன் முழு வேகத்தை எட்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், உயரம் ஏற வேண்டும், ஏறிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும், காற்றின் திசை பார்த்து வளைந்து ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரை மணி நேரம் கூட்டிக்கொள்வது பொதுவான கணக்கு. ஆக, சென்னை-புதுச்சேரி விமானப் பயணம் சுமார் 45 நிமிடம். இத்துடன் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் நேரம், பாதுகாப்புச் சோதனை, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும் கவுன்ட்டர், இறங்கிய பின் பெட்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். பேருந்திலும் அதே மூன்று, மூன்றரை மணி நேரம்தான்.

புதுச்சேரி விமான நிலையத்துக்கு விமானங்கள் வருவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கின்றன. 2013-இல் புதிய முனையம் திறந்து பெங்களூருக்குச் சேவை தொடங்கியது, நின்றது. 2017-இல் மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தில் ஹைதராபாத்துக்குத் தொடங்கியது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ ஏடிஆர் விமானங்களை விட்டது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதாது. நீட்டிக்க வேண்டுமானால் நிலம் வேண்டும், அந்த நிலம் எல்லைக்கு அப்பால் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. வானத்தில் போக நினைத்தாலும் விழுப்புரத்து மண்ணைத் தொடாமல் புதுச்சேரிக்கு வழியில்லை.

எழும்பூரிலிருந்து காலையில் கிளம்பும் புதுச்சேரி பாசஞ்சரில் ஏறினேன். இப்போது அது மெமு வண்டி. நான்கு மணி நேரப் பயணம். செங்கல்பட்டை நெருங்கும்போது இடப்பக்கம் கொளவாய் ஏரி விரிகிறது. அதைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம். பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. பிறகு மதுராந்தகம் ஏரி, மேல்மருவத்தூரில் இறங்கும் சிவப்புச் சேலைக் கூட்டம், அச்சிறுப்பாக்கம், ஒலக்கூர். ஒலக்கூருக்கு அப்பால் நிலத்தின் சாயல் மாறுகிறது. பாறைக் குன்றுகள் தலைகாட்டுகின்றன, பனைமரங்கள் வரிசைகட்டுகின்றன, நெல் வயலுக்கு இணையாக மணிலாக் கொல்லைகள் வருகின்றன. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று யாரும் சொல்வதில்லை, மல்லாட்டைதான்.

ரயில் கடலை விட்டு இவ்வளவு உள்ளே ஏன் போக வேண்டும்? பதில் கடற்கரையிலேயே இருக்கிறது. கோவளத்திலிருந்து மரக்காணம் வரை முட்டுக்காடு, பாலாற்று முகத்துவாரம், இடைக்கழிநாட்டின் கழிகள், எடையன்திட்டு முகத்துவாரம், கழுவெளி ஏரி என்று கரை நெடுக உப்புநீர் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. 1870களில் தென்னிந்திய ரயில்வே பாதை போட்டபோது இத்தனை கழிகளுக்கும் பாலம் கட்டுவதைவிட உள்நாட்டின் கெட்டியான தரையில் போவதே மலிவு. அரிசியும் ஏரியும் சந்தையும் இருந்ததும் உள்நாட்டில்தான். ரயிலுக்கும் முன்பே தெற்கு நோக்கிப் போன பெருஞ்சாலை, பிற்காலத்து ஜி.எஸ்.டி. ரோடு, இதே தடத்தில்தான் போயிற்று. கைகாட்டிகளில் நெடுஞ்சாலை எண் மாறியிருக்கிறது, தடம் மாறவில்லை.

திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம். எழும்பூரிலிருந்து 159 கிலோமீட்டர். வரைபடத்தை மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். விழுப்புரமும் புதுச்சேரியும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. அதாவது, ரயில் தெற்கே போக வேண்டிய தூரம் முழுவதையும் கடலை விட்டு விலகியே போய்த் தீர்த்துவிட்டு, விழுப்புரத்தில் மடக்கிய முழங்கையைப் போலத் திரும்பி, நேர் கிழக்கே 38 கிலோமீட்டர் ஓடிக் கடலைத் தொடுகிறது.

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைப் பாதைகள் கூடுகின்றன. வடக்கே சென்னை, வடமேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, தென்மேற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சி, தெற்கே கடலூர், மயிலாடுதுறை, கிழக்கே புதுச்சேரி. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஊர் பெரும்பாலும் நள்ளிரவில் கேட்கும் ஒலிபெருக்கிக் குரல்தான். பகலில் இறங்கிப் பார்த்தால்தான் அது எத்தனை பேருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் வழிகாட்டும் ஊர் என்று தெரியும். ரயில் வரலாற்றிலும் இதற்குத் தனி இடம் உண்டு. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதை மின்மயமானது சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மட்டுமே. கடற்கரை-தாம்பரம் 1931-இல், தாம்பரம்-விழுப்புரம் 1960களில். அந்தப் பாதைக்கென்றே தயாரான மின் எஞ்சின்கள் விழுப்புரம் வரை வந்து நிற்கும். அதற்குமேல் டீசலோ நீராவியோ இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் மாற்றும் நேரத்தில் இறங்கிக் காபி குடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

1993-இல் தென்னார்க்காடு பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத் தலைநகரமானது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போயிற்று. மிச்சமிருக்கும் மாவட்டத்துக்குள் செஞ்சிக் கோட்டை, மண்டகப்பட்டுக் குடைவரை, மரக்காணத்து உப்பளம் எல்லாம் அடங்குகின்றன. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம்தான்.

விழுப்புரத்தில் பெட்டி நிறைந்தது. பூக்கூடை, கீரைக் கட்டு, புத்தகப் பை, மருத்துவமனைக் கோப்பு. எதிர் இருக்கையில் வளவனூர் பக்கத்து மூதாட்டி ஒருவர் கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"எங்க தம்பி போற?"

"புதுச்சேரிக்கு, ஆயா."

"மெட்ராசுலேர்ந்தா? பஸ்ல போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பியே."

"விழுப்புரம் பாக்கணும்னுதான் ரயில்ல வந்தேன், ஆயா."

"இங்க பாக்க இன்னா இருக்குது? நாங்கதான் இருக்கோம்," என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவித்த மல்லாட்டையில் ஒரு பிடி எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் மகள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஜிப்மர் மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போவதும் மகளைப் பார்ப்பதும் ஒரே பயணத்தில் முடியும். மாநில எல்லை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கிளைப்பாதை 1879-இல் திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியையும் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட விழுப்புரத்தையும் இணைத்த பாதை. ஒரு பகுதி ஒரு கொடியின் கீழ், மீதி இன்னொரு கொடியின் கீழ். பயணிகளைவிட இந்தப் பாதைக்கு முக்கியமாக இருந்தது அந்த மூதாட்டி என் கையில் கொடுத்த அதே மல்லாட்டைதான். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கான கடல்வழி சுருங்கியது. பிரான்ஸின் மத்தியதரைக் கடல் துறைமுகமான மார்செய்யில் எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிலும் பெருகியிருந்தன. அவற்றுக்கு எண்ணெய் வித்து வேண்டும். தென்னார்க்காட்டுப் புஞ்சையில் விளைந்த மணிலா மாட்டு வண்டியிலும் ரயிலிலும் புதுச்சேரிக்கு வந்து, படகேறிக் கப்பலுக்குப் போய், மார்செய்யில் இறங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரி ஏற்றுமதியில் மணிலாவுக்குத்தான் முதலிடம். திண்டிவனத்து விவசாயி எந்தப் பயிரை விதைப்பது என்பதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு பிரெஞ்சுத் துறைமுகம் தீர்மானித்தது. கொள்முதல் கணக்கில் மார்செய் அவருக்குச் சென்னையைவிடப் பக்கம்.

இதே பாதை அரசியலுக்கும் பயன்பட்டது. 1908-இல் பிரிட்டிஷ் அரசின் கைது வளையம் நெருங்கியபோது பாரதி சென்னையிலிருந்து ரயிலேறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து டூப்ளெக்ஸ் என்னும் கப்பலில் வந்து இறங்கினார். ஒருவர் நிலவழி, மற்றவர் கடல்வழி. எல்லையைக் கடந்துவிட்டால் பிரிட்டிஷ் போலீசின் நேரடி அதிகாரம் செல்லாது. பாரதி புதுச்சேரியில் எழுதிக் குவித்த பத்தாண்டுகளுக்கு இந்த எல்லைக்கோடு ஒரு காரணம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும் முடிந்தது.

எல்லை போனாலும் அதன் கோணல் போகவில்லை. விழுப்புரத்திலிருந்து சாலையில் வந்தால் மதகடிப்பட்டு புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதற்கடுத்த அரியூர் மறுபடி புதுச்சேரி. 18-ஆம் நூற்றாண்டுச் சண்டைகளும் உடன்படிக்கைகளும் துண்டு துண்டாக்கிய நிலம் இது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேறு சட்டமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள். ரயில் சின்னபாபுசமுத்திரம் தாண்டிச் சங்கராபரணி ஆற்றைக் கடந்து வில்லியனூரில் நிற்கிறது. அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேரை ஆட்சியின் தலைவர் வடம்பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் பிரெஞ்சு கவர்னர்கள் காலத்தில் ஏற்பட்டது. இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அடுத்த நிலையம் புதுச்சேரி. இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் கடல்.

திரும்பும்போது சாலையில் வந்தேன். புதுச்சேரி-திண்டிவனம் ஒரு மணி நேரத்துக்குள்ளான தூரம். மொரட்டாண்டி, கிளியனூர் வழியாகப் பேருந்து போகிறது. நேராகத் திண்டிவனம் போகாமல் இடையில் பிரிந்து திருவக்கரை போனேன். வக்கிரகாளியம்மனுக்காகப் பௌர்ணமிதோறும் கூட்டம் கூடும் ஊர். அதே ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், சிறிது சிறிதாக மரம் போய்ச் சிலிக்கா புகுந்து கல்லாகிவிட்டன. குனிந்து பார்த்தால் பட்டையின் வரிகள் அப்படியே இருக்கின்றன. கணு தெரிகிறது. ஒரு துண்டின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையம் போன்ற கோடுகளை விரலால் தடவிப் பார்க்கலாம். தொட்டால் குளிர்ச்சி, தட்டினால் கல்லின் சத்தம். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா இவற்றைப் பற்றி முதன்முதலில் எழுதினார். புதுச்சேரிக்கு வாரக் கடைசியில் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர் இங்கே வந்தாலும் இந்தப் பூங்காவின் நிலை வேறாக இருக்கும்.

திண்டிவனத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் மணிலாப் பருவத்தில் பார்க்க வேண்டிய இடம். கொட்டகை முழுக்கக் காய்க் குவியல். ஒரு வியாபாரி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுகிறார். மேலாக இருப்பது காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு ஓட்டில் மோதிச் சத்தம் கொடுக்கும். பிறகு கட்டைவிரலால் ஓட்டை உடைத்து, பருப்பின் மேல்தோலைத் தேய்த்து, பாதியாகப் பிளந்து கடிக்கிறார். எல்லாம் ஒரு நொடிதான். சீட்டில் விலையை எழுதி மடித்துப் பெட்டியில் போடுகிறார். மறைமுக ஏலம் என்பதால் அடுத்தவர் எழுதியது இவருக்குத் தெரியாது. ஓரத்தில் துண்டைத் தோளில் போட்டு நின்றுகொண்டிருக்கும் விவசாயியின் பல மாத உழைப்பு அந்தச் சீட்டுகளைப் பிரிக்கும்போது விலையாகிறது.

இந்த ஊரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மணிலா ரகங்கள் டிஎம்வி என்ற எழுத்துகளோடு வரும். டிஎம்வி என்றால் திண்டிவனம். டிஎம்வி 2 என்ற ரகம் 1940-இல் வெளிவந்து, தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விவசாயிகளின் கொல்லைகளில் விளைந்தது. நெடுஞ்சாலைப் பயணிகளுக்குத் திண்டிவனம் ஒரு மேம்பாலம். தென்னிந்திய விவசாயிக்கு அது விதையின் பெயர்.

இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு. திண்டிவனத்தோடு இன்று ஒன்றாகிவிட்ட கிடங்கில் என்ற பகுதிதான் சங்க காலத்து ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனின் தலைநகர். அவனைப் பாடியது பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதே பெயரில் இருக்கிறது. ஆற்றுப்படை என்பதே வழிகாட்டும் இலக்கியம். பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு முல்லை நிலத்து வேலூர், பிறகு மருத நிலத்து ஆமூர், அங்கிருந்து கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்களின் கருத்து. ஒவ்வோர் ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரை அவன் சொல்கிறான். பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு.

இந்த வழிகாட்டலில் கிலோமீட்டர் இல்லை, மணிக்கணக்கு இல்லை. நிலம் மாறுவதும், மக்கள் மாறுவதும், உபசரிப்பு மாறுவதும்தான் தூரத்தின் அளவு. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வளையும் இந்தத் தடம் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகப் பழகிய தடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடலோரமாகவே போகவும் மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். 1806-இல் சென்னைக்கு வடக்கே தனியார் முயற்சியாகத் தொடங்கிய கால்வாய் மெல்ல மெல்ல வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் இணைப்பு வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதன் தென்கோடி மரக்காணம் பக்கத்தில், அதாவது இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில். விறகும் உப்பும் சவுக்கும் படகில் சென்னைக்குப் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு படகில் மாமல்லபுரம் போன அனுபவத்தைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். கால்வாய் புதுச்சேரியை எட்டவில்லை. மரக்காணத்தில் இறங்கி வண்டி பிடிக்கத்தான் வேண்டியிருந்தது.

2002-இல் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்படுத்தப்பட்டுச் சுங்கச் சாலையாகத் திறந்தபோதுதான் கடலோரப் பயணம் எளிதானது. கடப்பாக்கம் தாண்டி ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்து, 1760-இல் ஆங்கிலேயர்களால் தகர்க்கப்பட்ட கோட்டை. அதே ஆண்டு ஜனவரி 22-இல்தான் திண்டிவனத்துக்கு வடமேற்கே வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. சென்னையா புதுச்சேரியா என்ற போட்டி திண்டிவனம், விழுப்புரம் சுற்றுப்புறத்தில்தான் முடிவானது.

மரக்காணத்தில் சாலையின் இருபுறமும் உப்புப் பாத்திகள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமென்று விடியற்காலையே இறங்குகிறார்கள். நீண்ட கழியின் முனையில் பொருத்திய பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை வரப்போரம் இழுக்கிறார்கள். வரப்பில் குவித்து நீர் வடிய விடுகிறார்கள். பிறகு தலைச்சுமையாக அம்பாரத்துக்குப் போகிறது, மழைக்கு அஞ்சி அதன் மேல் கீற்று வேய்கிறார்கள். காலில் உப்புநீர் அரித்த புண்கள். சாலையில் கார்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றன. பக்கத்தில் கழுவெளி ஏரி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வானத்தில் போடும் நேர்கோடு ஏறக்குறைய இந்த ஏரியின் மேலேதான் போகிறது. அந்த வழியை வலசைப் பறவைகளே பயன்படுத்தட்டும்.

இந்த நிலம் ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே தேங்கியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் நிறுத்தப்பட்டன, திருப்பி விடப்பட்டன. அரசூர் அருகே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் ஆறு ஏறிப் பாய்ந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே தூரம் திடீரென்று கூடிவிட்டது. விழுப்புரத்தில் வாழ்வாதாரத்தை இழந்த குடும்பங்களைப் பற்றிய செய்தியைவிட, எந்த ரயில் ரத்து என்ற செய்தியைத்தான் நம்மில் பலர் தேடினோம். அது மாற வேண்டும்.

விமானமா வேறு வழியா என்ற கேள்விக்குத் திரும்புவோம். ஐரோப்பாவிலும் இத்தகைய கடற்கரை நகரங்கள் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கியும் எஸ்டோனியாவின் தாலினும் வளைகுடாவின் இரு கரைகள், நடுவே சுமார் 80 கிலோமீட்டர் கடல். விமானம் அரை மணி நேரத்தில் போய்விடும். ஆனாலும் பெரும்பாலோர் இரண்டு மணி நேரக் கப்பலில்தான் போகிறார்கள், நகரத்தில் ஏறி நகரத்தில் இறங்கலாம் என்பதால். பிரான்ஸ் 2023-இல் ஒருபடி மேலே போய், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானத்தைத் தடை செய்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நான்த், லியோன் நகரங்களுக்கான விமானங்கள் நின்றன. நல்ல ரயில் இருந்தால் குறுந்தூர விமானம் தேவையில்லை என்பதை அந்த நாடு சட்டமாக்கியிருக்கிறது.

நம் ஊரில் ரயில்தான் பின்தங்கி நிற்கிறது. விழுப்புரம்-புதுச்சேரி இன்றும் ஒற்றைப் பாதை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு புதிய பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போட 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. திண்டிவனம்-நகரி பாதைக்கும் அதே காலத்தில் ஒப்புதல் கிடைத்தது. ரயிலையே பார்க்காத செஞ்சி மக்கள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றை வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். லாஸ்பேட்டை ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பேசும் அக்கறையில் பாதியாவது இந்தப் பாதைகளின் மேல் திரும்பினால் மூன்று மாவட்டங்களின் முகம் மாறும்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதுச்சேரிக்குக் கிளம்பும்போது ஒரு வழிக்கு எழும்பூர் பாசஞ்சரில் போங்கள், மறு வழிக்குத் திண்டிவனம் பேருந்தில் வாருங்கள். விழுப்புரத்தில் இறங்கி ஒரு வேளை சாப்பிடுங்கள். திருவக்கரையில் கல்மரத்தைத் தொட்டுப் பாருங்கள். செஞ்சி மலையில் ஏறுங்கள். மரக்காணத்தில் உப்பு வாங்குங்கள். மூன்று மணி நேரம் மிச்சமாகாது, ஒரு நாள் முழுதாகச் செலவாகும். அந்தச் செலவில் ஒரு பங்கு, வழிப்போக்கர்களால் எப்போதும் கடந்து போகப்படுகிற ஊர்களின் கைக்குப் போய்ச் சேரும். பல நூற்றாண்டுகளாக நமக்கு வழி விட்ட ஊர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன் அது.